மெஷின் கணக்கில் சேர்க்காத நூற்றியேழு

இரத்தத்தில் சீனி பார்க்கும் மெஷின் ஒன்று ஓர் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்ததை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். போன புதன்கிழமை, சாய்ந்தமருதில், என் ராத்தாவின் குசினியில் வைத்து! எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. கண்டவர் நிண்டவர் எல்லோரிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். வாசலுக்கு வரும் மீன்காரர்கூடத் தப்பவில்லை. "சரி தங்கச்சி, பாரைய வெட்டித் தரவா, முழுசா வேணுமா?" என்று அவர் கேட்ட பிறகுதான் வாயை மூடினேன். இந்த வாரம் என் பத்தியை வாசிக்கிற நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்...

ராத்தா என்றால் எனக்கு நேர் மூத்தவர். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். ராத்தாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து நெடுங்காலம். விரலில் ஊசி குத்தி இரத்தம் எடுப்பது அவருக்கு வெங்காயம் உரிப்பது மாதிரி... ஊர்க் கதை கதைத்துக்கொண்டே செய்து முடிப்பார்.

ஆனால் போன வருடம் காலில் வந்த ஒரு சின்னப் புண் அவரைப் படுத்திவிட்டது. சீனி ஏறி, புண் பெருத்து, நோன்பு மாதம் முழுவதும் ஆசுபத்திரிக் கட்டில். அல்ஹம்துலில்லாஹ், கால் தப்பியது. நோன்புதான் தப்பவில்லை. அந்த மாதம் முழுக்க, பார்க்கப் போனவர்களிடமெல்லாம் ராத்தா ஒரே வசனத்தைத்தான் சொன்னார்: "ஊரெல்லாம் நோன்பாளி. நான் மட்டும் நோயாளி."

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். கேட்கிற நமக்குத்தான் சிரிப்பு வராது.

இந்த வருடம் பிறை காண்பதற்கு முன்பே அறிவித்துவிட்டார். "முப்பதையும் பிடிக்கிறதான். ஆரும் குறுக்க வராதீங்க."

ராத்தாவின் குறுக்கே போகிற துணிவு எங்கள் குடும்பத்தில் யாருக்கு இருக்கிறது? அவருடைய கணவர், என் மச்சான், நெல்லு வியாபாரிகளையே மிரட்டுகிற ஆள். வீட்டுக்குள் வந்தால் பூனைக்குட்டி. ஆகவே நாங்கள் தந்திரமாக ராத்தாவைக் கல்முனையில் வழமையாகக் காட்டும் டொக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் தடுக்கட்டும் என்று!

டொக்டர் காரைதீவுப் பெண். ராத்தாவின் கால் புண் காலத்திலிருந்து இருவருக்கும் நல்ல பழக்கம். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"ராத்தா, நீங்க குடிக்கிறது சீனிய இறக்கிற மருந்துக் குளிசை. வயிறு வெறுமையா இருக்கக்குள்ள அது சில நேரம் அளவுக்கு மிஞ்சி இறக்கிப் போடும். நீங்க பிடிக்காம இருந்தா எனக்கு நிம்மதி."

ராத்தாவின் கண் கலங்கியது. டொக்டரும் மனுஷிதானே? இறங்கி வந்தார். குளிசையின் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதினார்.

"சரி, பிடிச்சுப் பாருங்க. ஆனா பகல்ல ரெண்டு தரம் சீனி பார்க்க வேணும். எழுபதுக்குக் கீழ போனா அந்த நிமிசமே நோன்பத் திறக்க வேணும். பொழுதுபட்டுப் பள்ளியில வாங்கு சொல்லட்டும் எண்டு பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. சரியா?"

"ஓம் டொக்டர். ஓம், ஓம்."

மூன்று ஓம்! எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

செய்தி டோஹாவுக்குப் போனது. அங்கே வேலை செய்யும் ராத்தாவின் மகன், ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவரிடம் புத்தம் புதிய மெஷின் ஒன்றைக் கொடுத்தனுப்பினான். வீட்டிலிருந்த பழைய மெஷின் அலுமாரிக்குள் ஓய்வெடுக்கப் போய்விட்டது. புதிய பெட்டிக்குள் எல்லாம் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. மெஷின், ஸ்ட்ரிப் டப்பா, ஊசிப் பேனா, ஒரு குட்டிப் போத்தலில் இளஞ்சிவப்புத் தண்ணி, மடித்த தாள் ஒன்று. தாளின் ஒரு பக்கம் அரபு, மறுபக்கம் ஆங்கிலம்.

முதல் நோன்பிலிருந்தே எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் படங்கள் வரத் தொடங்கின. பகலில் ஒன்று, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒன்று. மெஷின் திரையைக் கிட்டப் பிடித்து எடுத்த படம். நூற்றியஞ்சு. நூற்றியெட்டு. நூற்றியாறு. நூற்றியேழு...

எப்படி இருக்கிறது பாருங்கள்! இருநூறு, இருநூற்றைம்பது என்று கிடந்து உருண்ட மனுஷிக்கு நூற்றியேழு! குழுவில் இதயங்கள் பறந்தன. டோஹாவிலிருந்து முத்தங்கள் வந்தன. நான் சும்மா இருப்பேனா? பக்கத்து வீடு, எதிர் வீடு, தையல்காரி, எல்லோருக்கும் சொன்னேன். நோன்பு பிடித்தால் சீனி இப்படி ஒழுங்குக்கு வரும் என்று இந்த வாரப் பத்தியையே எழுதத் தொடங்கிவிட்டேன். "நோன்பும் நூற்றியேழும்" என்று தலைப்புக்கூட வைத்தாயிற்று. மருத்துவ உலகம் என்னைத் திரும்பிப் பார்க்கப் போகிறது என்ற நினைப்பு!

விடியுமுன் சஹருக்குச் சோறும் கறியும் சாப்பிட்டாலும் அதே நம்பர். பிட்டும் பழமும் சாப்பிட்டாலும் அதே நம்பர். பகலிலும் அதுதான், பின்னேரமும் அதுதான். மனிதருடைய உடம்பு இப்படி ஓர் இடத்தில் நிற்குமா என்று ஒரு தரமாவது கேட்டோமா? கேட்கவில்லையே. நல்ல செய்தியை யார்தான் குறுக்கு விசாரணை செய்கிறார்கள்?

அந்தப் பத்தி வெளிவராமல் என்னைக் காப்பாற்றியது புதன்கிழமை.

அன்று ராத்தா வீட்டில் நோன்பு திறக்க வரச் சொல்லியிருந்தார். நான் மருதமுனையில் இருந்து அஸர் தொழுதுவிட்டு, ஒரு டப்பா கட்லட்டோடு ஓட்டோ பிடித்தேன். இப்போது நெல் வெள்ளாமை வெட்டுக் காலம். மச்சான் சொறிக்கல்முனைப் பக்கத்து வயலில் நின்றார். வீட்டில் ராத்தா தனியே. குசினியில் நோன்புக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா புள்ள? கஞ்சி அடிபிடிக்கப் பாக்குது. ஒரு கை கிண்டு."

டப்பாவை அவர் கையில் கொடுத்தேன். வாங்கி மேசையில் வைத்தார். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். நெற்றியும் கழுத்தும் தண்ணீர் ஊற்றியது போல நனைந்திருந்தன.

"என்ன ராத்தா, இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"குசினிக்க நிண்டா வேர்க்காம, குளிருமா?"

வாய் வழமை போல வேலை செய்தது. கைதான் செய்யவில்லை. அகப்பை நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் நடுங்கின.

"கட்லட் கொண்டாந்தியா புள்ள?"

"இப்பதானே ராத்தா வாங்கி மேசையில வெச்சீங்க?"

ராத்தா மேசையைப் பார்த்தார். டப்பாவை யாரோ கொண்டுவந்து வைத்த மாதிரி பார்த்தார்.

"சீனி பார்த்தீங்களா?"

"பார்க்காமலா? இப்பதான். நூத்தியேழு. படமும் போட்டுட்டன்."

போனைத் திறந்து பார்த்தேன். உண்மைதான், நூற்றியேழு. அப்பாடா! நூற்றியேழு உள்ள ஆளுக்கு என்ன வரப் போகிறது? வெயில், அடுப்பு, களைப்பு... அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் கண் எதிரே நிற்கிற ஆள் நூற்றியேழு மாதிரித் தெரியவில்லையே!

கதிரையில் இருத்திவிட்டு மெஷினை எடுத்தேன். அலுமாரித் தட்டில் மினுங்கிக்கொண்டு இருந்தது. பொத்தானை அமர்த்தியதும் நூற்றியேழு வந்தது. நூற்றியேழின் பக்கத்தில், திரையின் மூலையில், எறும்பளவில் ஒரு படம். போத்தல் படம்!

பின்னோக்கி அமர்த்தினேன். நூற்றியெட்டு, போத்தல். நூற்றியாறு, போத்தல். நூற்றியஞ்சு, போத்தல். போனில் பார்த்தபோதும் அது இருந்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் நம்பரை மட்டும் பார்த்து இதயம் பறக்கவிட்டிருக்கிறோம்.

"ராத்தா, இதென்ன மூலையில ஒரு போத்தல் படம்?"

"அதா? அது எல்லா நாளும் வாறதான். நோன்பு மாசத்துக்குள்ள அடையாளமாக்கும்."

"நோன்பு மாச அடையாளமா?"

"ஓம் புள்ள. டோஹாவில இருந்து வந்த சாமான்தானே. அங்க எல்லாரும் நோன்பு பிடிக்கிற ஆக்கள். நோன்பாளிக்கு எண்டு செஞ்சிரிக்காங்க. பெட்டிக்குள்ள தண்ணியும் வெச்சிரிக்காங்களே."

"எந்தத் தண்ணி?"

ராத்தா பெருமையோடு கை நீட்டிக் காட்டினார். அந்தக் குட்டிப் போத்தல்! இளஞ்சிவப்பு! முக்கால்வாசி முடிந்திருந்தது.

"நோன்போட ரத்தம் எடுக்கேலாதே. முறிஞ்சிருமே. அதுக்குத்தான் ரத்தத்துக்குப் பதிலா இதுல ஒரு சொட்டு. தாளில அரபியில எழுதி, பக்கத்தில படமும் போட்டிரிக்கி, பாரு."

பார்த்தேன். போத்தலில் இருந்து ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு விழுகிற படம். அதன் கீழே அழகான அரபு எழுத்து. ராத்தா அரபியைத் தங்கு தடையில்லாமல் ஓதுவார். கருத்துத் தெரியாது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும், சொல்லுங்கள்? அரபு நாட்டிலிருந்து, அரபு எழுத்தோடு, சரியாக நோன்புக்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்த போத்தல்... அது நோன்பாளிக்கு இல்லாமல் வேறு யாருக்கு என்று அவர் நினைத்துவிட்டார்.

தாளைத் திருப்பி ஆங்கிலப் பக்கத்தை வாசித்தேன். அது மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பரிசோதிக்கிற தண்ணி. கம்பெனி அளந்து கலந்த சீனி அதற்குள் இருக்கிறது. மெஷின் நல்ல மெஷின் என்றால் நூறு சொச்சம் காட்டும். நாளைக்கும் காட்டும், அடுத்த கிழமையும் காட்டும். நாங்கள் இத்தனை நாளும் கொண்டாடியது கம்பெனியின் சீனியை!

"ராத்தா... உங்கட உடம்புல எவ்வளவு சீனி எண்டு இந்தப் போத்தலுக்கு எப்படித் தெரியும்?"

ராத்தா கொஞ்சம் யோசித்தார்.

"ஏன் தெரியாம? பாக்கக்குள்ள எல்லாம் மிஷினக் கையிலதானே பிடிச்சிக்கிட்டு இரிக்கன்."

வேறு நேரமென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அப்போது சிரிப்பு வரவில்லை. ராத்தாவின் உதடு வெளுத்திருந்தது.

"விரலத் தாங்க."

"நோன்பு முறிஞ்சிரும் புள்ள!"

"முறியா ராத்தா. தாங்க."

"நீ மௌலவியா?"

நியாயமான கேள்வி. பள்ளி மௌலவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அந்தப் பக்கம் கஞ்சி பங்கிடும் சத்தம், வாளிகளின் சத்தம், சின்னப் பிள்ளைகளின் கூச்சல். நான் மூச்சு விடாமல் விஷயத்தைக் கொட்டினேன். மௌலவி ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை.

"சோதிக்கிறதுக்கு விரல்ல ஒரு சொட்டு எடுத்தா நோன்பு முறியா. பயப்படாம எடுங்க, ராத்தா. நான் லைன்லதான் இரிக்கன்."

ராத்தா விரலை நீட்டினார். குத்தினேன். இரத்தம் வர மறுத்தது. அழுத்திப் பிழிந்து ஒரு சொட்டு எடுத்து ஸ்ட்ரிப்பில் தொட்டேன். மெஷின் இறங்கு வரிசையில் எண்ணத் தொடங்கியது. என் நெஞ்சு ஏறு வரிசையில் அடித்தது.

ஐம்பத்தெட்டு.

மூலையில் போத்தல் இல்லை.

"எவ்வளவு?" மௌலவியின் குரல்.

"அம்பத்தெட்டு மௌலவி!"

"டொக்டர் எத்தனை எண்டு சொன்ன?"

"எழுபதுக்குக் கீழ போனா உடனே திறக்கச் சொன்ன."

"அப்ப என்னத்துக்குக் கதைச்சிக்கிட்டு இரிக்கீங்க? உடனே திறங்க! உசிரக் காப்பாத்துறதுதான் முந்தி. மறுகா வேற நாள்ல பிடிச்சுக் கழாச் செய்யலாம், ஏலாட்டி ஏழைக்குச் சாப்பாடா ஃபித்யா குடுக்கலாம்."

ராத்தா போனுக்குக் கிட்டக் குனிந்தார். "மௌலவி... வாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரந்தானே இரிக்கி. அதையும் பிடிச்சிருவனே?"

அந்தக் குரலை நான் எப்படி எழுதுவது? கடையில் பேரம் பேசுகிற ராத்தா, மச்சானை மிரட்டுகிற ராத்தா, அந்தக் கொஞ்ச நேரத்துக்காகக் கெஞ்சினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மௌலவியும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ராத்தா, அந்தக் கொஞ்ச நேரத்துல மயங்கி விழுந்தா அல்லாஹ்வுக்கு என்ன பதில் சொல்லுவீங்க? இந்த நிலைமையில திறக்கிறதுதான் உங்கட கடமை. பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடிங்க."

சீனித் தண்ணியைக் கரைத்து வைத்துக்கொண்டு நின்றேன். ராத்தா வாங்கினார். பிஸ்மில்லாஹ் என்றார். குடித்தார். குடிக்கக் குடிக்கக் கண்ணீர் கோப்பைக்குள் விழுந்தது. "போன வருசமும் இல்ல. இந்த வருசமும் இல்ல" என்று மட்டும் சொன்னார்.

கால் மணித்தியாலம் கழித்து மீண்டும் விரலில் குத்தினேன். எண்பத்துநாலு. முகத்தில் ஆள் திரும்பி வந்திருந்தார். வந்ததற்கு அடையாளமாக, "கஞ்சிய அடிபிடிக்க வெச்சிட்டியேகா" என்று என்னை ஏசினார். அந்த ஏச்சுக்கு நான் எத்தனை தரம் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன் தெரியுமா?

வாங்குக்குச் சற்று முன்னால் மச்சான் வந்தார், தோளில் வைக்கோல் தூசியோடு. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் மெஷினைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெள்ளாம வெட்டுற மிஷின் நெல்லையும் பதரையும் பிரிக்கிற மாதிரி, இது ரத்தத்தையும் தண்ணியையும் பிரிக்குதே!" என்றார்.

பிறகு ராத்தாவைப் பார்த்தார். ராத்தா பாயில் உட்காராமல் குசினி வாசலிலேயே நின்றார். திறந்துவிட்டவளுக்கு நோன்பாளிகளோடு என்ன வேலை என்று நினைத்தாரோ என்னவோ.

"இஞ்ச வந்து இரி. எல்லாரும் ஒண்டாத் திறப்பம்" என்றார் மச்சான். பூனைக்குட்டி அன்றைக்கு ஓர் அதட்டல் போட்டது. ராத்தா வந்து இருந்தார்.

அடுத்த நாள் டொக்டரிடம் ஓடினோம். அவர் மெஷினை வாங்கி, சராசரி காட்டும் பொத்தானை அமர்த்தினார். புருவம் உயர்ந்தது.

"முதல் நோன்பில இருந்து பார்த்திருக்கிறீங்க. ஆனா சராசரிக்கு இந்த மிஷின் எடுத்தது நேற்றைய ரெண்டை மட்டுந்தான். மற்ற எல்லாத்தையும் ஞாபகத்தில வெச்சிருக்கு, கணக்கில சேர்க்கல்ல."

விஷயத்தைச் சொன்னோம். டொக்டர் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ராத்தாவும் சிரித்தார். பிறகு டொக்டரின் முகம் மாறியது.

"பழைய மிஷினா இருந்தா இந்தத் தண்ணியையும் ரத்தம் எண்டு நம்பியிருக்கும். பொத்தான அமர்த்தி நாமதான் சொல்ல வேணும், இது தண்ணி எண்டு. சொல்லாட்டி சராசரி நூத்தியேழு எண்டு காட்டும். நான் என்ன செய்திருப்பன்? மாஷா அல்லாஹ் ராத்தா, முப்பதையும் பிடிங்க எண்டு அனுப்பியிருப்பன்..."

எனக்கோ உள்ளே ஒரே கேள்வி குடைந்துகொண்டிருந்தது. அதுக்கு எப்படித் தெரியும்? கண் இல்லை, மூக்கு இல்லை. இரண்டுமே சிவப்பு, இரண்டிலுமே சீனி, இரண்டுமே ஒரு சொட்டு. இது ராத்தாவின் விரல், இது கம்பெனிப் போத்தல் என்று எப்படிப் பிரித்தது? டொக்டர் கொஞ்சம் விளக்கினார். மிச்சத்தை வீட்டுக்கு வந்து தேடித் தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க... சுபஹானல்லாஹ்!

அந்த ஸ்ட்ரிப்புக்குள் மெல்லிய மின்பாதை இருக்கிறது. ஒரு சொட்டு விழுந்ததும் மெஷின் அதற்குள் ஒரு பொட்டு மின்சாரத்தைத் தள்ளிப் பார்க்கும். நமக்குத் தெரியாது, வலிக்காது. சீனி அங்கே பூசியிருக்கும் மருந்தோடு சேரும்போது ஒரு சின்ன மின்னோட்டம் கிளம்பும். அதை அளந்துதான் நம்பர் சொல்கிறது. இதுவரை எல்லா மெஷினுக்கும் பொது.

புதிய மெஷின் செய்கிற கெட்டித்தனம் வேறு. அது ஒரு தரம் அளந்துவிட்டு ஓயாது. தள்ளும் வேகத்தை மாற்றி மறுபடி அளக்கும். மின்னோட்டம் எவ்வளவு என்பதோடு நிற்காமல், எப்படி எழும்புகிறது, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்றும் பார்க்கும்.

இரத்தத்துக்குள் சீனி மட்டுமா இருக்கிறது? சிவப்பணுக்கள் முட்டி மோதிக்கொண்டு நிற்கின்றன. யூரிக் அமிலம், விட்டமின் சி என்று இன்னும் எத்தனையோ. அவையும் இடையில் புகுந்து தங்கள் பங்குக்கு மின்சாரத்தைக் கொடுக்கும். போத்தல் தண்ணியில் அந்தக் கூட்டம் இல்லை. சீனி நேரே போய் வேலையை முடித்துவிடும். பெருநாளைக்கு முதல் நாள் கல்முனை பஜாருக்குள் மோட்டார் சைக்கிள் விட்டிருக்கிறீர்களா? நோன்பு திறக்கிற நேரம், வெறிச்சோடிக் கிடக்கும் அதே ரோட்டில் விட்டிருக்கிறீர்களா? கண்ணைக் கட்டிப் பின்னால் இருத்தினாலும் எது எந்த நேரம் என்று சொல்லிவிட மாட்டீர்களா? அதேதான்!

சில கம்பெனிகள் போத்தலுக்குள் அடையாளத்துக்கென்றே ஒரு பொருளைக் கலந்துவிடுவார்களாம். மெஷின் அதை மோப்பம் பிடித்துப் போத்தல் படத்தைப் போட்டுவிடும். எந்த வழியென்றாலும் சரி, ஒரு சொட்டுக்குள் இத்தனை விசாரணை! இதைக் கண்டுபிடித்தவர்கள் எந்த ஊர், எந்த மதம் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு மஃரிப் தொழுகையில் அவர்களுக்கும் சேர்த்துத் துஆக் கேட்டேன். (உங்கள் வீட்டு மெஷினிலும் அப்படி ஏதாவது சின்னப் படம் வருகிறதா என்று ஒரு தரம் பாருங்கள். படம் மெஷினுக்கு மெஷின் மாறும். வராவிட்டாலும் போத்தலை ஒளித்து வையுங்கள்!)

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. ராத்தா பொய் சொன்னார் என்றா நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை. அல்லாஹ்வுக்குப் பயந்து, நோன்பைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல மனதோடுதான் போத்தலைக் கவிழ்த்தார். நல்ல மனம் எந்தச் சோதனையிலும் தெரிய வராது என்பதுதான் சிக்கல்.

ராத்தாவை விடுங்கள். நாம் மட்டும் என்ன செய்கிறோமாம்? தெருவில் யாராவது "சுகமா?" என்று கேட்டால் உள்ளே இருப்பதையா தொட்டுக் காட்டுகிறோம்? மகனோடு மனஸ்தாபம், இரவெல்லாம் நித்திரை இல்லை, நெஞ்சுக்குள் ஒரு பாரம்... எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம்." கேட்டவரும் சந்தோஷமாகப் போய்விடுவார். அளந்து கலந்த பதில், எந்த நாளும் ஒரே பதில். அதிலும் எங்கள் வீட்டுப் பெண்கள் இருக்கிறார்களே... மயங்கி விழுந்தால்கூட "ஒண்டுமில்ல, வெயில்தான்" என்பார்கள்!

டொக்டர் இந்த மாதம் நோன்பு வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். "பெருநாள் முடிய மருந்த ஒழுங்குபடுத்துவம். சீனி சொல்லுக் கேட்டா கழா நோன்பு ஒண்டு பிடிச்சுப் பார்ப்பம், ராத்தா. நானும் ஆசைப்படுறன்." ராத்தா இந்தத் தரம் மூன்று ஓம் போடவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டில் எல்லோருக்கும் சஹர் சமைக்கிறார், கஞ்சி காய்ச்சுகிறார். ஆனால் முகத்தில் ஒளி இல்லை என்று மச்சான் போனில் சொன்னார். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாராம்.

நேற்றுப் பகல் நான் ராத்தாவுக்குப் போன் எடுத்தேன்.

"சுகமா ராத்தா?"

அந்தப் பக்கம் கதிரையை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"இல்ல புள்ள," என்றார். "காலையில இருந்து தல சுத்துது. விரல்ல குத்திப் பார்த்தன், இருநூத்திப் பத்து. மனசும் சரியில்ல. தனிய இரிக்க ஏலாம இரிக்கி. கொஞ்சம் வந்துட்டுப் போறியா?"

ஒருவருக்குச் சுகமில்லை என்று கேட்டு, நான் இவ்வளவு சந்தோஷமாக ஓட்டோ பிடிக்க ஓடியது வாழ்நாளிலேயே இதுதான் முதல் தரம்!